என் முட்டி சிவப்பு, பிச்சைமுத்து முட்டி பச்சை

ஈப்போ,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பி தேவனுக்கு,

அண்ணன் உடையப்பன் என் கையாலேயே எழுதுவது. எழுத்துகள் மேடும் பள்ளமுமாக, கோட்டை விட்டு இறங்கி ஓடுவதைப் பொறுத்துக்கொள். பேனா பிடிக்கக் கற்று ஏழு மாதம்தான் ஆகிறது. தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவிய கை அழுத்தித்தான் எழுதுகிறது, தாள் இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது. நீயும் புஷ்பலதாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் நல்ல செய்தி. போன வருஷம் மாற்றிய என் வலது முட்டியை மறுபடி திறக்கப் போவதில்லை. நீ சுங்காயிலிருந்து லீவு போட்டு வர வேண்டாம்.

நடந்தது இதுதான். ஆப்பரேஷன் ஆனவர்களுக்கு மாதாமாதம் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோனில் கேள்வி வரும். வலி பத்துக்கு எவ்வளவு, படி ஏறுகிறாயா, தூக்கம் வருகிறதா என்று. அதே வாரம் முட்டி மாற்றிக்கொண்ட பக்கத்து வீட்டுப் பிச்சைமுத்துவுக்கு வாசிக்கத் தெரியும் என்பதால் இரண்டு பேருக்கும் அவனே பதில் அழுத்துவான். போன வாரம் டாக்டர் கணினியைப் பார்த்து, "எக்ஸ்ரே நல்லாதான் இருக்கு, ஆனா உங்களுக்கு வலி எட்டுக்குக் கீழ எறங்கவே இல்லையே, தொறந்து பாக்கணும்" என்றார். எனக்கு வலியே இல்லை என்று அங்கேயே பாதித் தோப்புக்கரணம் போட்டுக் காட்டினேன். தாதி புனிதா ஓடி வந்து பிடித்துக்கொண்டு, "மறைக்காதீங்க அங்கிள், எத்தனை முட்டி மாத்துனோங்கிறது கணக்கு இல்ல, எத்தனை பேரு நல்லா நடக்கிறாங்கன்னுதான் பாக்கிறோம், உங்களது செவப்புல நிக்குது" என்றாள். பிச்சைமுத்துவுடையது பச்சையாம்! மாடிப்படியில் நாலு தடவை உட்கார்ந்து எழுந்து வருகிறவன் அவன்.

வீட்டுக்கு வந்து ஃபோனைத் திறந்து, பழைய பதில்களை எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன். முழுதாக ஒரு மத்தியானம் ஆயிற்று. வாசித்துவிட்டு நேரே அவன் வீட்டுக்குப் போனேன்.

"ஏன் மச்சான், நான் கக்கூஸ் போகவே ரெண்டு ஆளு வேணும்னு போட்டிருக்கியே?"

"அது ஒனக்கு இல்ல, எனக்குலா."

"ஒனக்குன்னா ஒன் பேர்ல போட வேண்டியதுதானே?"

"என் பேர்ல போட்டா சிங்கப்பூர்ல மக ஃபோன்ல பாத்துருவா. வந்து தூக்கிட்டுப் போயி பதினெட்டாவது மாடியில ஒக்கார வெச்சிருவா. அதுக்காக டாக்டருக்குத் தெரியாம இருக்கலாமா? வலி உண்மை மச்சான், பேரை மட்டுந்தான் மாத்துனேன்."

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவன் வலிக்கு என் காலை அறுக்கப் பார்த்தார்களே! மறுநாளே அவனை இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முட்டியைப் படம் எடுத்தால், உள்ளே வைத்தது தளர்ந்திருக்கிறது. அடுத்த மாதம் சரிசெய்வார்களாம். மகளிடம் புனிதாவே பேசி, அவனை இங்கேயே விட்டுவைக்கச் சம்மதம் வாங்கிவிட்டாள். பதில்களைப் பேர் மாற்றிச் சரிசெய்ததும் கணினியில் என் கோடு ஒரே நாளில் ராக்கெட் மாதிரி மேலே ஏறியதைப் பார்த்து, விஷயம் தெரியாத இன்னொரு டாக்டர் நான் என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று கேட்டார்!

உனக்கும் புஷ்பலதாவுக்கும் மாரியம்மன் குறைவில்லாமல் கொடுக்கட்டும். அடுத்த ஞாயிறும் எழுதுவேன், அதற்குள் பேனாவை அழுத்திப் பிடித்த கட்டைவிரல் வீக்கம் வடிந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் உடையப்பன்

பி.கு.: வர வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிடு. நேற்று ஆஸ்பத்திரியில் வைத்து முதல்முறையாக என் பதில்களை நானே அழுத்தினேன். இடது முட்டி வலி எவ்வளவு என்றும் ஒரு கேள்வி இருந்தது. ஏழு. ஆனால் புனிதா பக்கத்தில் நின்று, "எங்க வார்டுக்கே நீங்கதான் பெருமை அங்கிள்" என்று சிரித்துக்கொண்டிருந்தாள், பூஜ்யம் போட்டுவிட்டேன். நீ வந்து என் பேரிலேயே ஏழு என்று அழுத்திவிட்டுப் போ. பிச்சைமுத்துவுக்குத் தெரிய வேண்டாம்.