மாப்பிள்ளை காருக்குப் புது முன்கை

ராஜபாளையம்,
13.6.1993

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சௌந்தரபாண்டியன் அவர்களுக்கு, மைத்துனன் காசிராஜன் எழுதிக்கொண்டது. நானும் என் சம்சாரமாகிய உங்கள் அக்காவும், உங்கள் சம்சாரமாகிய என் தங்கச்சி வேலுத்தாயும் இங்கே சுகம். பஹ்ரைன் வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க அய்யனார் கோவிலுக்குப் போய் வேண்டிக்கொண்டேன். கோவில் அருவியில் இன்னும் தண்ணீர் விழவில்லை, அதனால் குளிக்காமலே வேண்டினேன். சாமி கோவித்துக்கொள்ளாது.

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் இங்கே விட்டுப்போன ரேடியோ ரிமோட் பொம்மைக் காரைப் பற்றி மூன்று பக்கம், வேலுத்தாயைப் பற்றி ‘சுகமா’ என்று ஓரத்தில் ஒரு வார்த்தை. காரின் ஒடிந்த முன்கை சரியாகாவிட்டால் ஆடிப்பூரத்துக்கு லீவு போட்டு வந்து நீங்களே மாற்றுவதாகவும், சரியாகிவிட்டால் கம்பெனி கேட்கிறபடி இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளை, கார் சரியாகிவிட்டது. நிம்மதியாகக் கையெழுத்துப் போடுங்கள்.

எப்படிச் சரியானது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூரில், ரேடியோ ரிப்பேர் கடை கண்ணபிரானின் காரோடு வறண்ட கண்மாய்க்குள் நான் பந்தயம் விட்டபோதுதான் ஒடிந்தது. முழு வேகத்தில் போய் ஒரு எல்லைக்கல்லில் முட்டியதில், முன் சக்கரத்தைத் தாங்குகிற பிளாஸ்டிக் கை முறுக்கு மாதிரி இரண்டாகிவிட்டது. முப்பது வருஷமாக மில்லில் ஃபிட்டராக இருக்கிறவனுக்கு இதைவிட அவமானம் உண்டா? இரும்புத் தகட்டை அறுத்து, அரம் போட்டு, புதுக் கை செய்து மாட்டினேன். நம் வீட்டுச் சுவரில் மோதவிட்டுப் பார்த்தேன். கைக்கு ஒன்றுமில்லை, ஆனால் அதைக் கோத்திருந்த கம்பி வளைந்துவிட்டது. மில்லில் நூல் சுற்றுகிற பழைய ஸ்பிண்டில் ஒன்றை அறுத்துக் கம்பி போட்டேன். கம்பி தாங்கியது, கம்பியைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கட்டை பெயர்ந்துவிட்டது. அங்கே ஒரு இரும்பு ஆங்கிளை வைத்து போல்ட்டு முடுக்கினேன். அப்புறம் எதுவும் ஒடியவில்லை, பாரம் தாங்காமல் ஸ்பிரிங்குகள் அமுங்கி வண்டியின் வயிறு தரையைத் தொட்டது. மில் ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டேன். வயிறு நிமிர்ந்தது, மோட்டார் இழுக்கமாட்டேன் என்றுவிட்டது. கடைசியில் ஆண்டாள் தேருக்கு வடம் பிடிக்கிற மாதிரி கயிறு கட்டித் தெருவில் இழுத்துக்கொண்டு போனேன். வாசலில் நின்றிருந்த உங்கள் அக்கா, கயித்துல இழுக்கிற வண்டிக்கு ரேடியோ எதுக்கு என்று கேட்டாள். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

கயிற்றைப் பிடித்து நின்றபோது நீங்கள் தொண்ணூற்றொன்றில் லீவில் வந்திருந்த நாட்கள்தான் ஞாபகம் வந்தன. காரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போவோம். கண்டக்டர், உள்ளே என்ன கோழியா என்று கேட்பார். ஒருநாள் வேலுத்தாயும் வந்தாள். கண்ணபிரானைத் தோற்கடித்த கையோடு நீங்கள் ரிமோட்டை அவளிடம் கொடுத்தீர்கள். அவள் காரை நேராக அவர் வேட்டிக்குள் விட்டுவிட்டாள். அந்த மனுஷர் கண்மாயைச் சுற்றி ஓடியதையும், இவள் கரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்ததையும் நான் இன்னும் மறக்கவில்லை. தங்கச்சி அப்படிச் சிரித்து அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. அந்தப் பத்து நாள் மாதிரி இனி வருமா என்று எனக்கே ஏக்கமாகிவிட்டது. இருக்கட்டும், காருக்கு வருகிறேன்.

எங்கள் மேஸ்திரி மொக்கைச்சாமி அண்ணாச்சி வண்டியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். “ஏலே காசி, மில்லு மெஷின்ல ஷியர் பின் எதுக்குல இருக்கு? ஒடியத்தான இருக்கு. அது ஒடியலன்னா மெஷினுல்லா ஒடியும்” என்றார். மாப்பிள்ளை, அந்தப் பின்னை என் கையால் ஆயிரம் தடவை மாற்றியிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. இரும்பு அம்புட்டையும் கழற்றிப் போட்டேன். மில் கழிவில் கிடந்த நைலான் பல்சக்கரத்தை அறுத்து, வளைந்து நிமிர்கிற மாதிரி ஒரு கை செய்தேன். பெயர்ந்த கட்டையையும் அதே நைலானில் செய்து, உட்பக்கம் மட்டும் மெல்லிய அலுமினியத் தகடு கொடுத்தேன். மோதினால் முதலில் ஒடிவதற்கென்று சின்ன ஸ்குரூ ஒன்று வைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அதே கண்மாயில், அதே கல்லில் வேண்டுமென்றே முட்டினேன். ஸ்குரூ மட்டும் ஒடிந்தது. வேறொன்றைப் போட்டு, செத்த நேரத்தில் மறுபடி ஓட்டி, கண்ணபிரானையும் ஜெயித்துவிட்டேன். அவர் அன்று வேட்டியை மடித்துக் கட்டித்தான் வந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, கார் ஓடுது, மாப்பிள்ளை அலைய வேண்டியதில்லை என்று வேலுத்தாயிடம் சொன்னேன். அவள் சட்டென்று உள்ளே போய்விட்டாள். அண்ணன் வேலையைப் பார்த்துப் பூரித்துப் போயிருப்பாள். ஆகவே ஆடிப்பூரத்துக்கு வரவேண்டும் என்று சங்கடப்பட வேண்டாம். இரண்டு வருஷம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். தேரன்று உங்கள் பேரிலும் வடத்தைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

ஆண்டாள் தாயார் கிருபையால் உங்கள் உத்தியோகமும் காரின் முன்கையும் நெடுங்காலம் உறுதியாக இருக்க ஆசீர்வதிக்கும்,
மைத்துனன்,
காசிராஜன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வேலுத்தாய் வந்து கடிதத்தை வாங்கினாள். நின்றபடியே முழுவதையும் படித்தாள். பிறகு என் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய் அந்தப் புதுக் கையைக் கழற்றினாள். அவளும் மில்லில் வேலை பார்த்தவள்தானே, ஒரு வாஷர்கூடத் தொலையவில்லை. எல்லாவற்றையும் தன் டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். “அண்ணே, கார் ஓடலன்னு எழுது. ரெண்டு வருசமாக் கடுதாசில சுகமான்னு கேக்குற ஆளு, இந்தத் தடவ நேர்ல வந்து கேக்கட்டும். அவிய கையிலதான் தருவேன்” என்றாள். உறையை ஒட்டாமல் நான் மறுபடி பேனாவை எடுத்தேன். மாப்பிள்ளை, மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கார் ஓடவில்லை. கையெழுத்துப் போடாமல் புறப்பட்டு வாருங்கள். ஸ்பேர் பார்ட்ஸ் எதுவும் கொண்டுவர வேண்டாம்.