பெரியம்மா வரலையா?

ஒரு நல்ல மனிதரின் வேலையை ஒரே ஒரு தபால் தலை செலவில் பறித்தவன் நான். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லலாம் என்று வைத்தால் எனக்குத் தைரியம் வராது.

வேலையைப் பறிகொடுத்தவரை எல்லோரும் 'சொந்தக்காரர்' என்றார்கள். உலகத்திலேயே அதிக உறவினர்கள் உள்ள மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு உறவு கல்யாணத்திலோ பிரசவத்திலோதான் கூடும். அவருக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு முப்பத்தைந்து பேர் வீதம் கூடிக்கொண்டே போனது.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் சென்னையிலிருந்து ஒருநாள் சுற்றுலா பஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது. விடியற்காலையில் தி.நகரில் கிளம்பி, கடற்கரைச் சாலை வழியாக இறங்கி, கடலூரில் டிபன், சிதம்பரத்தில் கோயில், பிச்சாவரத்தில் படகு, திரும்பும் வழியில் மறுபடி கடலூர், அங்கே வெள்ளிக் கடற்கரையில் முக்கால் மணி நேரம் காற்று. சொந்தக்காரர் அந்த பஸ்ஸின் வழிகாட்டி. ஐம்பது வயது, கடலூர்க்காரர். கசங்கிய வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஒரு விசில். அந்த விசிலை அவர் ஊதி யாரும் கேட்டதில்லை. தொண்டை அதைவிடச் சத்தம் ஜாஸ்தி.

பஸ் அடையாறைத் தாண்டியதும் அவர் எழுந்து உறவு பிரித்துக் கொடுக்க ஆரம்பிப்பார். நான் ஏறிய அன்றும் அப்படித்தான்.

"மொத சீட்டு, ரெண்டு பேரும் சம்பந்தி. நீங்க பொண்ணு வூடு, அவுரு மாப்ள வூடு. பின்னாடி கண்ணாடி போட்டவரு சின்ன மாமா. ஜன்னலோரம் அத்தை. கடைசி சீட்டுல பசங்க நாலு பேரும் மச்சானுங்க, மச்சானுங்கன்னா எங்க போனாலும் ஒண்ணாத்தான் போவணும்."

ஒருவர் கேட்டார்: "எதுக்குங்க இதெல்லாம்? நம்பர் குடுத்துட்டுப் போங்களேன்."

"நம்பர் குடுத்தா மறந்துடுவீங்க. உறவு குடுத்தா மறக்க மாட்டீங்க, சண்டை போட்டாவது ஞாபகம் வச்சிக்குவீங்க."

அது உண்மைதான். அந்தச் சம்பந்திகள் இருவரும் அன்று காலை வரை ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. மரக்காணம் வருவதற்குள் ஜன்னல் யாருக்கு என்று முறைத்துக்கொண்டார்கள். கடலூரில் டிபன் சாப்பிடும்போது ஒருவருக்கு வடை முதலில் வந்துவிட்டது. மற்றவர் என்னிடம் திரும்பி, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க புத்தியப் பாத்தீங்களா?" என்றார் மனதார.

சிதம்பரத்தில் அந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் காணாமல் போனார். கீழ வீதியின் நடுவில் நின்று சொந்தக்காரர் "சம்பந்தீ" என்று ஒரு குரல் கொடுத்தார். பூக்கடையில் ஒருவர், சைக்கிளில் ஒருவர், டீக்கடையில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆள் கோபுர வாசலிலிருந்து ஓடி வந்தார். அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தவர், ஜன்னலுக்குச் சண்டை போட்ட அதே பெண் வீட்டுக்காரர்.

அன்று எனக்குக் கொடுத்த உறவு பெரியப்பா.

நான் முப்பத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன். முன்பின் தெரியாதவர் என்னை அப்படிக் கூப்பிடுவது பிடிக்கவில்லை. "சார்னு கூப்பிட்டாப் போதும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "சாரு ரோட்டுல ஆயிரம் பேரு போறாங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டு என் பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. கையிலிருந்த பட்டியலையும் பார்த்தார்.

"ரெண்டு டிக்கெட்டு போட்டிருக்கே. பெரியம்மா வரலையா?"

இங்கே நான் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் மனைவி இறந்து அப்போது பதினொரு மாதம் ஆகியிருந்தது. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. சினிமாவோ, ரயிலோ, கண்காட்சியோ, முப்பத்தெட்டு வருடம் எந்தக் கவுன்டரில் நின்றாலும் என் வாயில் வந்த சொல் 'ரெண்டு'. இந்தச் சுற்றுலாவுக்குப் பதிவு செய்யப் போனபோதும் அதுதான் வந்தது. கவுன்டரில் இருந்த பெண் இரண்டு டிக்கெட்டைக் கிழித்து என் கையில் கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் காரணம் கேட்பாள். காரணம் சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவரிடமும் சொல்லவில்லை. "வரலை" என்று மட்டும் சொன்னேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஆனால் பட்டியலில் இருக்கும் ஓர் ஆளை அவரால் விட முடியாது. கடலூரில் டிபன் முடிந்து எல்லோரும் ஏறியதும், "பெரியப்பா வந்தாச்சு. பெரியம்மா... சரி, வரல" என்றார். சிதம்பரத்திலும் அதே. பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் படகு நுழைந்தபோது எங்கள் படகில் எட்டுப் பேர் இருந்தோம். அவர் வேர்களைக் காட்டி, "இந்த மரமெல்லாம் வேட்டியத் தூக்கிக் கட்டிக்கினு தண்ணியில நிக்கிற நம்ம ஆளுங்கதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அதைக் கவனித்துவிட்டார்.

"பெரியப்பா ஏன் உம்முனு வராரு தெரியுமா? பெரியம்மாகிட்ட கோவிச்சுக்கினு, அவுங்கள வூட்டுலயே உட்டுட்டு வந்துட்டாரு. இப்ப மனசு கேக்கல."

படகே சிரித்தது. துடுப்புப் போட்டவரும் சிரித்தார். மனசு கேட்கவில்லை என்பது மட்டும் சரி.

மறுநாள் காலை உட்கார்ந்து சுற்றுலாக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். படகைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. வழிகாட்டி பொய்த் தகவல் சொல்கிறார் என்று நான்கு குற்றங்களை அடுக்கினேன். மரங்கள் வேட்டி கட்டியிருப்பதாகச் சொல்கிறார். ஆயிரங்கால் மண்டபத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது தூண்கள்தான், ஆயிரமாவது தூண் தான்தான் என்கிறார். கடலூர் கலங்கரை விளக்கம் கப்பலுக்காக வைத்ததல்ல, பொழுது சாய்ந்தும் வீடு திரும்பாத ஆண்களுக்காக வைத்தது என்கிறார். நாலாவதாக, வெள்ளைக்காரன் கடலூரில் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் ஊர்களையும் சேர்த்து வாங்கினான் என்று கட்டுக்கதை விடுகிறார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. வருந்துகிறோம், அந்த வழிகாட்டி பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார், தங்கள் மனக்கசப்புக்கு ஈடாக இத்துடன் ஓர் இலவசப் பயணச் சீட்டு. சீட்டை மேசை இழுப்பறையில் போட்டேன். விடுவிக்கப்பட்டார் என்ற சொல்லை மட்டும் இழுப்பறையில் போட முடியவில்லை.

வீட்டில் நானும் ஒரு குக்கரும்தான் இருந்தோம். பேசுவது குக்கர் மட்டும், அதுவும் மூன்று விசில். நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த அமைதி தாங்காமல், இலவசச் சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

புது வழிகாட்டி இளைஞர். கையில் மைக். எல்லோர் சட்டையிலும் நம்பர் ஒட்டினார். எனக்குப் பதினேழு. தகவல்கள் அத்தனையும் சரி. ஒரு தூண்கூடக் கூடவோ குறையவோ இல்லை. பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசவில்லை. டிபனில் வடை யாருக்கு முதலில் வந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. நான் கேட்டபடியே எல்லாம் அமைந்திருந்தது. அந்தப் பஸ்ஸில் அன்று முழுவதும் என்னிடம் பேசியவர் ஒருவர்தான், "கால எடுங்க" என்றார்.

மாலையில் வெள்ளிக் கடற்கரையில் சற்றுத் தள்ளிப் போய் மணலில் உட்கார்ந்தேன். எழுந்து வந்தபோது பஸ் இல்லை. நடந்தது என்ன என்று பிறகு கம்பெனியில் சொன்னார்கள். கடலூரில் டிரைவரின் மச்சான் ஒருவர் ஏறியிருக்கிறார். நிஜ மச்சான். எண்ணிப் பார்த்ததில் முப்பத்தைந்து தலை சரியாக இருந்திருக்கிறது. பதினேழாம் நம்பர் எங்கே என்று யாருக்கும் தோன்றவில்லை.

செல்போன் பஸ்ஸில் பையோடு போய்விட்டது. பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தேவனாம்பட்டினத்து மீனவ வீட்டுப் பெண்.

"வண்டிய உட்டுட்டீங்களா? யாரு கூட வந்தீங்க?"

"யார் கூடவும் வரலைம்மா."

"தேடிக்கினு திரும்பி வருவாங்கல்ல?"

"தேட மாட்டாங்க."

அவர் இரண்டு பஜ்ஜியைத் தாளில் வைத்து நீட்டினார். "முன்னாடி அந்த வண்டியில சொந்தக்காரர்னு ஒருத்தரு வருவாரு. என்னைய சின்னம்மான்னுதான் கூப்புடுவாரு, நான் அவுருக்கு பத்து வயசு சின்னவ. ஒரு ஆளு கொறஞ்சாலும் வண்டிய எடுக்க உடமாட்டாரு. எவனோ ஒரு வேலையத்தவன் பெட்டிசன் எழுதிப் போட்டு அவுரு வேலையத் தொலைச்சிட்டான். நல்லா இருப்பானா அவன்?"

"இருக்க மாட்டான்" என்றேன்.

சொந்தக்காரர் இப்போது மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை பார்க்கிறார் என்று சொல்லி, ஷேர் ஆட்டோவில் என்னை ஏற்றிவிட்டதும் அந்த அம்மாள்தான்.

மண்டபத்தில் ஒரு வரவேற்பு தொடங்கிக்கொண்டிருந்தது. வாசலில் பன்னீர்ச் செம்போடு அவர் நின்றார். அதே கசங்கிய சட்டை, விசில் மட்டும் இல்லை. பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளைக்குச் சித்தப்பா என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குத் தாய்மாமன் என்றும் நினைத்து இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"பெரியப்பா, வாங்க வாங்க. பெரியம்மா வரலையா?"

இந்தத் தடவை சொன்னேன். "அவ இல்லப்பா. நான் உங்க வண்டியில வந்ததுக்குப் பதினோரு மாசம் முன்னாடியே போயிட்டா. பழக்கத்துல ரெண்டு டிக்கெட் கேட்டுட்டேன்."

அவர் செம்பைக் கீழே வைத்தார். "படகுல வேற அப்படிப் பேசிட்டேனே. அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா பெரியப்பா?"

"சொல்லலை. அதுக்குப் பதிலா லெட்டர் எழுதினேன். உங்க வேலை போனது அந்த லெட்டராலதான்."

யாரோ இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அவர் பன்னீர் தெளிக்க மறந்தார். மெதுவாகச் சொன்னார்:

"மேனேஜரு படிச்சுக் காட்டுனாரு. மரம், தூணு, லைட் ஹவுசு, அதெல்லாம் நான் சும்மா சிரிக்கச் சொன்னது, சரிதான். ஆனா குண்டு விழுந்த கதை பொய்யின்னு எழுதியிருந்துச்சு பாருங்க, அதான் மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. எங்க அம்மா ஊரு குண்டு உப்பலவாடி. குண்டு விழுந்த ஊருங்கறதாலதான் அந்தப் பேரே."

அவர் செம்பைக் கையில் எடுத்தார்.

"பந்தி ஆரம்பிச்சாச்சு. சாப்புட்டுட்டுப் போங்க சார்."

சார். முதல் நாள் நான் கேட்டு வாங்க முடியாத சொல். சாப்பாடு முடிந்ததும் அவரே என்னைச் சென்னை பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் "சார பத்தரமா எறக்கி உடுங்க" என்றார். இரண்டாவது முறை.

சென்னைக்கு வந்ததும் நூலகத்துக்குப் போனேன். மூன்றாவது புத்தகத்திலேயே கிடைத்தது. கோட்டையை வாங்கியவர்கள், பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை இருந்த ஊர்களையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். முப்பத்தாறு வருடம் நான் நடத்திய வரலாற்றில் அது இல்லை, அவ்வளவுதான்.

கம்பெனிக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். இந்தத் தடவை தமிழில். குண்டு விழுந்தது உண்மை, தவறு என்னுடையது, எனக்கு வலித்தது வரலாறு அல்ல, காலியாக இருந்த சீட்டு என்று எழுதினேன். பதில் வந்தது. வருந்துகிறோம், இத்துடன் ஓர் இலவசப் பயணச் சீட்டு. அதைத் திருப்பிக் கொடுக்க நேரில் போனேன். மேனேஜர் நல்ல மாதிரிதான். "இப்ப எல்லாம் ஸ்கிரிப்ட் சார். இனிமே அவரைச் சேக்க முடியாது" என்றார். இன்னும் இரண்டு முறை போனேன். நாற்காலி போட்டார், காபி கொடுத்தார், வேலை கொடுக்கவில்லை.

கடைசியில், இரண்டாவது கடிதத்தின் நகலையும் அந்தப் புத்தகப் பக்கத்தின் ஜெராக்ஸையும் ஒரு உறையில் வைத்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. 'சொந்தக்காரர்' என்று எழுதி, மண்டபத்தின் முகவரிக்கு அனுப்பினேன். பதில் இல்லை. ஆனி போயிற்று. முகூர்த்தம் இல்லாத ஆடியில் அவருக்கு வேலையும் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அந்த மாதம் குக்கரின் மூன்று விசிலும் எனக்குக் குற்றச்சாட்டாகவே கேட்டது.

ஆவணியில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. பெண்ணும் தெரியாது, பையனும் தெரியாது. பின்பக்கம் பென்சிலில் நாலு வரி.

'பெரியப்பாவுக்கு. ஜெராக்ஸ் கிடைத்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இந்தக் கல்யாணத்தில் பொண்ணு வூட்டில் ஆள் ரொம்பக் கம்மி. ஒரு ஆளா வந்தாலும் பரவாயில்லை, வரவும்.'

முதல் வார்த்தையை மட்டும் பல தடவை படித்தேன். பிறகு பஸ் நிலையத்துக்குப் போய், "கடலூர் ஒண்ணு" என்றேன். சொல்ல முடிந்தது.

மண்டப வாசலில் அவர் நின்றிருந்தார். பன்னீர்ச் செம்பை என் கையில் கொடுத்து, "அந்தப் பக்கம் நில்லுங்க பெரியப்பா, சிரிச்ச மொகமா நில்லுங்க" என்றார். தொடர்ந்து நாலைந்து வருடம், முகூர்த்தத்துக்கு முகூர்த்தம், ஆள் குறைந்த வீடுகளுக்கு நான் பெரியப்பாவாக நின்றேன்.

அந்த முதல் கல்யாணத்தன்று முதலில் உள்ளே வந்த பெண்மணி என்னை உற்றுப் பார்த்து, "நீங்க பொண்ணு வூடா, மாப்ள வூடாங்க?" என்று கேட்டார்.

நான் பன்னீரைத் தெளித்தேன்.

"சொந்தக்காரர் வீடும்மா" என்றேன்.