ஒரு மில்லிமீட்டர் மகாயுத்தம்

கீங்! கீங்! கீங்! என்று அலறியது யூபிஎஸ்.

ஆவூர்க் கோவில் தெருவின் நண்பகல் அமைதியை அந்த அபயக்குரல் கிழித்தபோதும், ரீட்டா நாற்காலியை விட்டு அசைந்தாளில்லை. வாழ்க அவள் திருநாமம்! கடல் கடந்த அமெரிக்காவில் எவன் ஏணியிலிருந்து விழுந்தாலும், எவள் கத்தரிக்கோலுக்கு விரலைக் கொடுத்தாலும், அங்கே டாக்டர் போட்ட தையலின் விவரத்தை இங்கே கணினியில் படித்து, அதற்கு உரிய ஐந்திலக்க எண்ணைச் சூட்டிப் பில்லுக்கு அனுப்பும் மெடிக்கல் கோடர் அவள். ஐந்தாண்டில் பத்தாயிரம் காயங்களைக் கண்டவள். ஒன்றுக்கேனும் முகம் சுளிக்காத வஜ்ஜிர நெஞ்சினள்!

அன்று மூண்டதோ அவள் வாழ்வின் பெரும்போர். சென்னை அலுவலகத்தின் ஆடிட்டர், பிழை கண்டால் பசி மறக்கும் பெருந்தகை ரகுநாத், அவள் போட்ட எண் ஒன்றின்மேல் சிவப்புக் கொடி நட்டிருந்தார். அது பிழை என்றே நிலைத்துவிட்டால் இந்த மாதம் அவளது மதிப்பெண் தொண்ணூற்றைந்து சதவீதத்துக்குக் கீழே சரியும். சரிந்தால் வீட்டிலிருந்து வேலை என்னும் வரம் பறிபோகும். கல்யாணமாகி ஐந்தே மாதமான கணவன் ஜஸ்டினை விட்டுவிட்டு, திங்கட்கிழமையே அவள் சென்னைக்குப் பெட்டி கட்ட வேண்டும். மறுப்பு அனுப்பக் கெடு பகல் ஒரு மணி. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலேயே கரண்ட் போயிருந்தது. யூபிஎஸ்ஸின் ஆயுளோ இன்னும் பத்து நிமிஷம்.

போர்க்களம் ஓர் அமெரிக்கனின் உடம்பு. தலையில் ஒன்று புள்ளி நான்கு சென்டிமீட்டர்க் காயம், முழங்கைக்குக் கீழே ஒன்று புள்ளி இரண்டு. இரண்டுமே சாதாரணத் தையல். இரண்டரை சென்டிமீட்டர் வரைக்கும் ஓர் எண், அதற்குமேல் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் அடுத்த எண். ரீட்டா இரண்டையும் கூட்டி, இரண்டு புள்ளி ஆறு என்று அடுத்த எண்ணைப் போட்டிருந்தாள்.

செல்போன் முழங்கியது.

"என்னம்மா ரீட்டா, தலை எங்க இருக்கு, கை எங்க இருக்கு? ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கிண்டியிருக்கீங்களே, கதம்பச் சாதமா?" என்று கர்ஜித்தார் ரகுநாத்.

"தலையும் கையும் ஒரே தொகுதி சார், நீளத்தக் கூட்டித்தான் போடணும். முகம்தான் தனி. நான் சொல்லல, கோடிங் புத்தகம் சொல்லுது."

"அப்ப பக்க நம்பரோட மெயில் வரட்டும். ஒரு மணி!"

ரீட்டா அடுக்களைத் திசை நோக்கி ஆணையிட்டாள்: "ஏங்க! பீரோ மேல இருக்கிற தடிப் புத்தகத்த எடுத்துட்டு வாங்க! ஓடியாங்க!"

மீமிசல் கடற்கரையிலிருந்து வரும் மீன் வண்டியில் வாங்கிய பாறை மீனோடு அரிவாள்மணையில் மல்லாடிக்கொண்டிருந்த ஜஸ்டின், மனைவியின் குரல் கேட்டுப் பதறி எழுந்தான். தடால் என்று ஒரு சத்தம். "ஆத்தாடி" என்று ஒரு முனகல். ஆயினும் அந்த மாவீரன் மறுநொடியே, புத்தகத்தை வலக்கையில் ஏந்தி, இடக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து, வாசற்படியில் தோன்றினான். கையை ஏன் மறைக்கிறான் என்று கேட்க வீராங்கனைக்கு ஏது நேரம்? புயலில் பாய்மரம் படபடப்பதுபோல் தாள்களைப் புரட்டி, விதியைக் கண்டு, பக்க எண்ணை எழுதி, "ஆகவே கூட்டியதே சரி" என்று முழங்கி, அனுப்பு என்னும் பொத்தான்மேல் விரலை இறக்கினாள். மெயில் பறந்தது. யூபிஎஸ் கடைசியாக ஒரு கீங் சொல்லி வீரசொர்க்கம் எய்தியது.

மூன்று நிமிஷம் உலகம் மூச்சை அடக்கிக்கொண்டது.

செல்போனில் வந்தது ரகுநாத்தின் சரணாகதி: "ஏத்துக்கிட்டோம். தொண்ணூற்றைந்து புள்ளி ரெண்டு. வீட்டுலயே இருந்து வேலை பாருங்கம்மா."

"சென்னை கிடையாதுங்க! போகவே வேணாம்!" என்று வெற்றி முரசறைந்து துள்ளினாள் ரீட்டா. ஜஸ்டின் மகிழ்ச்சியில் தன்னை மறந்து இரு கைகளையும் விரித்தான். இடக்கைக் கட்டைவிரலில் ஒன்றரை சென்டிமீட்டர்க் காயம். சொட்டுச் சொட்டாய்ச் சிவப்பு.

பத்தாயிரம் காயங்கள் கண்ட வஜ்ஜிர நெஞ்சினள் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, தரையில் உட்கார்ந்தாள்.

"அங்கிட்டுப் போய் நீங்களே கட்டுப் போட்டுக்குங்க, எனக்கு ரத்தத்தப் பாத்தா மயக்கம் வந்துரும்."