சோரச்சாமியின் வெள்ளைத் தட்டு

மட்டாஞ்சேரியில் அந்த வருஷம் மிளகைவிட நன்றாக விலைபோனது ரத்தம்.

யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம் பூட்டிக் கிடந்த சுக்குக் கிடங்கைத் திறந்து ஒரு சாமியார் உட்கார்ந்துவிட்டார். எந்த மதம் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சொன்னால் கூட்டத்தில் பாதி குறையும் அல்லவா? காய்ச்சல் கண்ட குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லா மதத்தாரும் வந்தார்கள். வெலிங்டன் தீவிலிருந்து தோணி பிடித்தும் வந்தார்கள். சாமிக்குப் பெயர் சோரச்சாமி.

வீரபாண்டி கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவன். மனைவி மூக்கம்மாளோடு மதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவன். அவர்களுடைய ஐந்து வயது மகள் மாயம்மாளுக்குக் காலில் ஆணி குத்தி, சீழ் பிடித்து, காய்ச்சல் வந்தது. கடலோரக் கழியான காயலுக்கு அக்கரையில் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் திரிபுரசுந்தரி பென்சிலின் ஊசி போட்டு, தினமும் வரச் சொன்னார். மறுநாள் அவர்கள் போகவில்லை. பக்கத்து வீட்டு ரம்லத் சாமியைப் பற்றிச் சொல்லிவிட்டாள்.

“திருடன்னு பேரை வச்சுக்கிட்டா ஒரு சாமி இருக்காரு?” என்று மூக்கம்மாள் கேட்டாள்.

“அய்யே, சோரான்னா இங்க ரெத்தம்டீ. உங்க ஊரு சோரன் வேற.”

சாமியின் வித்தை எளியது. குழந்தையின் கையில் கறுப்புக் கயிற்றை இறுக்கிக் கட்டுவார். கண்ணாடிக் குழாய் ஊசியால் ரத்தம் இழுப்பார். எல்லோருக்கும் ஒரே ஊசி. சாமிக்கு உயர்வு தாழ்வு கிடையாது. குழாயில் ரத்தம் நாவல்பழக் கறுப்பாய் நிற்கும். பிசாசு என்பார். கூட்டம் ஓரடி பின்னால் போகும். பிறகு அதை வெள்ளைப் பீங்கான் தட்டில் பீய்ச்சி, மந்திரம் சொல்லிச் சுற்றிச் சுற்றி ஆட்டுவார், ஊதுவார். ரத்தம் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். பிசாசு போய்விடும். பெற்றவர்கள் கையில் இருந்ததும் கூடவே போய்விடும். மூக்கம்மாளிடமிருந்து போனது மூக்குத்தி.

மாயம்மாளின் ரத்தமும் தட்டில் அழகாகச் சிவந்தது. குழந்தைக்குத்தான் அது தெரியவில்லை. அடுத்த நாள் பேச்சு நின்றது. மூச்சு வாங்கியது. உடம்பு கொதிக்க, கைகால் மட்டும் சில்லிட்டது. மறுபடி சாமியிடம் ஓடினார்கள். சில்லிடுகிறதென்றால் சூடு இறங்குகிறது என்று பொருள் சொன்ன சாமி, காயலைத் தாண்டினால் பிசாசு திரும்பிவிடும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஊசிக்கு வராத குழந்தையைத் தேடிக்கொண்டு டாக்டர் அங்கேயே வந்துவிட்டார். மாயம்மாளின் கையைத் தொட்டதும் அவர் முகம் மாறியது. உடனே படகு ஏற வேண்டும் என்றார். வீரபாண்டி அசையவில்லை. மூட்டைக்குப் பயப்படாதவன் பிசாசுக்குப் பயந்தான். கூட்டமும் வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

டாக்டர் சண்டை போடவில்லை. சாமி எதிரே உட்கார்ந்து கையை நீட்டினார்.

“எனக்கு ஒரு வியாதியும் இல்லை. என் ரத்தத்தை எடுங்கோ. புது ஊசி நான் தரேன்.”

அத்தனை பேர் முன்னால் சாமி எப்படி மறுப்பார்? எடுத்தார். ரத்தம் கறுப்பு. டாக்டருக்கும் பிசாசு என்று கூட்டம் கிசுகிசுத்தது.

“இருக்கட்டும். பாதியைத் தட்டில் விடுங்கோ. பாதி குழாயிலேயே இருக்கட்டும். உங்க மந்திரம் எல்லாம் குழாய்க்கு. தட்டை நான் ஆட்டறேன்.”

டாக்டர் வாயைத் திறக்காமல் தட்டை ஆட்டினார். ரத்தம் சிவந்தது. சாமி வியர்க்க வியர்க்கக் குழாய்க்கு மந்திரம் ஓதினார். அது கறுப்பாகவே இருந்தது.

“டாக்டரம்மா மந்திரம் ஒண்ணும் சொல்லலியே,” என்றாள் ரம்லத், மெதுவாக.

“காத்து பட்டா எவர் ரத்தமும் சிவக்கும். உடம்புக்குள்ள அந்தக் காத்தை இதயம்தான் கொண்டுபோய்ச் சேர்க்கணும். இவளுக்கு விஷம் ரத்தத்தில் ஏறி, இதயம் தளர்ந்துண்டிருக்கு,” என்றார் டாக்டர்.

பிறகு தன் விரல் நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்து, உடனே சிவந்தது. மாயம்மாளின் நகத்தை அழுத்தி விட்டார். மெழுகு மாதிரி வெளுத்தது, அப்படியே இருந்தது.

“தட்டை விடுங்கோ சாமி. இதைச் சிவக்க வையுங்கோ.”

எல்லோரும் அந்தச் சின்ன நகத்தையே பார்த்தார்கள். கிடங்கில் குழந்தையின் மூச்சு மட்டும் கேட்டது. நிறம் ஊர்ந்து ஊர்ந்து திரும்புவதற்குள் மூக்கம்மாள் மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். கூட்டம் தானே விலகியது. புருஷனுக்காக அவள் காத்திருக்கவில்லை. அவன்தான் படகுத்துறைவரை பின்னால் ஓடினான்.

மருந்து, நரம்பு வழியே உப்புநீர், மூக்கில் பிராணவாயு. பல நாள் இழுபறிக்குப் பிறகு மாயம்மாள் எழுந்து உட்கார்ந்து கப்பைக்கிழங்கு, அதாவது மரவள்ளி, கேட்டாள். அவள் நகத்தை அழுத்தி அழுத்திப் பார்ப்பது மூக்கம்மாளுக்குப் பழக்கமாகிவிட்டது. குழந்தை சிரித்துக்கொண்டே விரலை நீட்டும்.

மூக்குத்தியைத் திரும்ப வாங்க வீரபாண்டி போனபோது கிடங்கு காலி. வெள்ளைத் தட்டு மட்டும் கிடந்தது.

“நான் மொதல்லயே சரியாத்தான் கேட்டேன்,” என்றாள் மூக்கம்மாள். “நீதான் மலையாளத்துல அர்த்தம் சொன்ன.” ரம்லத் சாயாவை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

ஆலுவாவில் இப்போது ஒருவர் நாக்கைப் பார்த்துப் பிசாசு ஓட்டுகிறாராம். பஸ் நிரம்பிப் போகிறது என்று கேள்வி. ரத்தம் சிவக்கக் கொஞ்சம் காற்றுப் பட்டால் போதும். மூளைக்கும் அது போதும். ஆனால் மூளையை நாம்தான் திறந்து வைக்க வேண்டும்.