வெப்பமானியும் என் டையும்

உலகத்தில் எல்லா வில்லங்கமும் சூடு கூடியதாலோ குறைந்ததாலோதான் வருகிறது என்று நம்புகிற ஒரே மனிதன் கிளிநொச்சியில் இருக்கிறான். அவன் பெயரை ஊர் எப்போதோ மறந்துவிட்டது. எல்லோருக்கும் அவன் 'வெப்பமானி'.

சட்டைப் பையில் பேனை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீளமான வெப்பமானி எந்நேரமும் நிற்கும். கலியாண வீட்டுப் பாயசத்துக்குள் அதை விட்டு, "தொண்ணூறு! பிள்ளையளுக்கு இப்ப குடுக்காதேங்கோ" என்பான். கோயில் பொங்கலுக்குள் விடப்போய், ஐயர் அகப்பையோடு துரத்தியதும் நடந்தது. எங்கள் பட்டமளிப்புப் படத்தில் இரண்டுபேரும் தோளில் கைபோட்டு நிற்கிறோம். அவனுடைய அங்கிக்குள்ளாலும் அது எட்டிப் பார்க்கிறது.

ஓம், 'எங்கள்' படம்தான். நானும் அவனும் ஒரே வகுப்பில் இரசாயனப் பொறியியல் படித்தவர்கள்.

படித்து முடித்து வந்தபோது எங்களை வைத்து என்ன செய்வதென்று ஊருக்குத் தெரியவில்லை. இஞ்சினியர் என்றால் வீட்டுப் பிளான் கீற வேண்டும். கெமிக்கல் என்றால் வயலுக்கு மருந்தடிக்க வேண்டும். ஒரு கமக்காரர் நெல் இலையோடு தேடி வந்தார். "தம்பியவை, உந்தப் பூச்சிக்கு என்ன அடிக்கலாம்?" நான் ஏதோ தெரிந்தவன் மாதிரித் தலையாட்டினேன். வெப்பமானி உண்மையைச் சொன்னான்: "தெரியாது ஐயா. ஆனா நெல்லு அவிக்கத் தெரியும்."

சொன்னபடியே அக்கராயனில் ஓர் அரிசி ஆலைக்குக் கொதிகலன் பார்க்கப் போய்விட்டான். ஊறிய நெல் நாறாமல், அரிசி உடையாமல் எடுக்க எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று சுவர் முழுக்கக் கரித்துண்டால் எழுதினான். அரிசி திறமாக வந்தது. ஆனால் கையும் முகமும் கறுத்த ஒருவன் பட்டதாரி என்பதை முதலாளியால் நம்ப முடியவில்லை. நானோ அரச அலுவலகமொன்றில் தென்னங்கன்று கேட்டு வருபவர்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். மேசைக்குப் பின்னால் கதிரையில் இருந்தபடியால் என்னை எல்லோரும் நம்பினார்கள்.

போன வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் தொழில் வழிகாட்டல் கூட்டம். பேச்சாளர் நான். டை கட்டிக்கொண்டு, இரசாயனப் பொறியியல் படித்தால் எண்ணெய்க் கம்பனி, மருந்துக் கம்பனி, வெளிநாடு என்று அளந்து தள்ளினேன். தென்னங்கன்று என் வாயில் வரவேயில்லை. பின்வாசலில் உமித்தூசியோடு வெப்பமானி வந்து நின்று, என்னைப் பார்த்துச் சிரித்தான். விருந்தினராக முன்வரிசையில் இருந்த அவனுடைய ஆலை முதலாளி எழும்பினார்.

"தம்பி, அங்கை நிக்கிறவர் உங்களோடை படிச்ச இஞ்சினியராம். உண்மையெண்டால் என்ரை புது ஆலைக்கு அவர்தான் மனேச்சர். உண்மையோ?"

பிள்ளைகள் எல்லோரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். 'ஓம்' என்றால் நான் அளந்த கம்பனியெல்லாம் காற்றில் போய்விடும்.

"முகம்... ஞாபகமில்லை" என்றேன்.

அவன் திரும்பி வெளியே இறங்கினான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த நாள் அலுவலக வரிசையில் நின்றான். அவன் முறை வந்ததும் எனக்கு அடி விழப்போகிறது என்று நினைத்தேன். "ரெண்டு தென்னங்கண்டு" என்றான். நான் படிவத்தை எடுத்தேன்.

"பெயரெண்டாலும் ஞாபகமிருக்கோடா?"

வெட்கத்தில் நிமிர முடியவில்லை. அவனைக் கேட்காமலே முழுப்பெயரையும் எழுதினேன். தொழில் என்ற இடத்தில் 'இரசாயனப் பொறியியலாளர்' என்று எழுதினேன். அவன் அதை வாசித்தான். பிறகு வெப்பமானியை எடுத்து என் தேத்தண்ணிக்குள் விட்டான்.

"எண்பது. ஊதிக் குடியடா, நாக்கு வெந்துபோகும்."

அன்றைக்கே பட்டமளிப்புப் படத்தோடு ஆலைக்கு ஓடினேன். முதலாளி படத்தை நெடுநேரம் பார்த்தார். "பிந்திப்போச்சு தம்பி. இண்டைக்குக் காலமைதான் அந்த வேலையை மருமோனுக்குக் குடுத்தனான்."

அவன் இன்னும் பழைய ஆலையில்தான் நெல் அவிக்கிறான். அந்தப் படம் இப்போது என் அலுவலக மேசையில் நிற்கிறது. "பக்கத்திலை நிக்கிறது ஆர்?" என்று யார் கேட்டாலும், வரிசையை நிறுத்திவைத்து, அவன் முழுப்பெயரையும் சொல்லி, என் சிநேகிதன் என்கிறேன். கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன்.