குருத்துச் சித்தரின் கால்தொட்டி

முத்தாண்டிக்குப்பம் போகும் சாலையில், முந்திரித் தோப்பை ஒட்டிய தகரக் கொட்டகைக்குக் குருத்துச் சித்தர் வந்து இறங்கியதிலிருந்து நெய்வேலியில் ஒருவருக்கும் கொலஸ்ட்ரால் இல்லை. கொட்டகைக்குள் போய் வந்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனை செய்கிறவர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். அவர் பேச்சை யார் கேட்பது? அவர் காவி கட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் நிலக்கரித் தூசியோடு நேராக வந்து வரிசையில் நின்றார்கள். சுற்றுக் கிராமத்துக்காரர்கள் ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார்கள். பொறியாளர்கள் சற்றுத் தள்ளி முந்திரி நிழலில் காரை நிறுத்திவிட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். படித்தவர்கள் அல்லவா, ஒளிந்துதான் ஏமாற வேண்டும்.

வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பேனர். ‘எலும்பு மஜ்ஜையில் உறங்கும் குருத்தணுக்களை மந்திரத்தால் எழுப்பி, அடைபட்ட ரத்தக் குழாய்களைத் திறந்து, கெட்ட கொழுப்பைக் கண்ணெதிரே வெளியேற்றுவார். ஊசி இல்லை, மாத்திரை இல்லை.’ குருத்தணு என்பது சித்தர் கண்டுபிடித்த சொல் அல்ல. ஸ்டெம் செல் என்று பத்திரிகைகளில் வருகிறதே, அதுதான். செய்தியை விட்டுவிட்டுத் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டார் சித்தர்.

அந்த வரிசையில் சங்கரலிங்கம் நொண்டிக்கொண்டு நின்றார். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டுகிறவர். சர்க்கரையும் கொழுப்பும் அவருக்கு ஒன்றாகவே பிரமோஷன் வாங்கியிருந்தன. பூட்ஸ் கடித்து வலது பெருவிரலில் வந்த புண் மழைக்காலம் முழுக்க ஆறவில்லை. மனைவி ராஜாம்பாள்தான் சித்தரைப் பற்றிக் கேள்விப்பட்டு அவரை அழைத்து வந்தவள். சித்தர் சொன்னபடி மாத்திரைகளை எல்லாம் எடுத்துக் குப்பையில் கொட்டியவளும் அவள்தான்.

உள்ளே கற்பூரப் புகை. ஒரு செம்புத் தொட்டியில் தெளிந்த தண்ணீர். அதில் கைப்பிடி அளவு ‘இமயத்து உப்பு’. காலை உள்ளே வைத்ததும் சீடன் மேலே காவித்துணியைப் போர்த்துவான். வெளியேறும் கொழுப்பின் மேல் யார் கண்ணாவது பட்டால் அது திரும்பவும் உடம்புக்குள் ஏறிவிடுமாம். சித்தர் முணுமுணுப்பார். மணியடிப்பார். துணியை விலக்கினால் தண்ணீர் செங்காவியாக மாறியிருக்கும். மேலே திட்டுத்திட்டாகப் பழுப்பு நுரை மிதக்கும்.

“பார்த்தாயா உன் பாவத்தை,” என்பார் சித்தர்.

முதல்முறை பார்த்தபோது சங்கரலிங்கம் குனிந்து குனிந்து பார்த்தார். இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டா இத்தனை நாள் ஷிப்டுக்குப் போனோம் என்று நினைத்தார். ஒவ்வொரு வாரமும் அதே நிறம், அதே நுரை. கொழுப்பு குறையவில்லையே என்று அவருக்குத் தோன்றவில்லை. உள்ளே இன்னும் எவ்வளவு இருக்கிறதோ என்றுதான் தோன்றியது. சித்தர்களின் பிழைப்பே இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

சங்கரலிங்கத்தின் பழைய ஷிப்ட் கூட்டாளி ராயப்பன் ஒருநாள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். ராயப்பனுக்கும் சர்க்கரை. இதே மாதிரி ஒரு புண்ணைக் கவனிக்காமல் விட்டு இடது காலை முழங்காலுக்குக் கீழே பறிகொடுத்தவர். இப்போது செயற்கைக் கால் போட்டுக்கொண்டு லைட் டியூட்டி பார்க்கிறார். வேட்டிக்குள் அது இருப்பது தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வந்தவர் மூக்கைச் சுளித்தார். “என்னாய்யா நாத்தம்?”

“புண்ணுதான். சாமி கெட்ட ரத்தத்த வெளிய இழுத்துகினு கீறாரு. அப்பிடித்தான் இருக்குமாம்.”

“மாத்திர?”

“நிறுத்தியாச்சிங்கண்ணே,” என்றாள் ராஜாம்பாள் பெருமையாக.

ராயப்பன் குனிந்து புண்ணைப் பார்த்தார். பிறகு, “சரி, ஞாயித்துக்கிழம நானும் வரேன். எனக்கும் பாத்துடலாம்,” என்றார். மிச்சமிருக்கும் காலுக்காக வருகிறார் என்று எண்ணிச் சங்கரலிங்கம் மகிழ்ந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தர் முன்னால் ராயப்பன் பவ்யமாகக் கைகட்டி உட்கார்ந்தார். “சாமி, எனக்கு எடது கால்தான் தொந்தரவு. அத மட்டும் வெச்சா போதுமா?”

“ஒரு கால் போதும் மகனே. ரத்தம் ஒன்றுதானே.”

ராயப்பன் வலது காலை மடக்கி வைத்து, இடது காலைத் தொட்டிக்குள் வைத்தார். வேட்டி விளிம்பு தண்ணீர் வரை தொங்கியது. சங்கரலிங்கத்துக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. வாயைத் திறக்கப் போனார். ராயப்பன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

துணி மூடியது. மணி அடித்தது. சித்தர் கண்களைச் செருகிக்கொண்டார்.

“உன் காலில் குருத்தணுக்கள் விழிக்கின்றன. மஜ்ஜையிலிருந்து எழுந்து வருகின்றன. உணர்கிறாயா?”

“ஒண்ணும் தெரியலீங்களே சாமி.”

“முதலில் தெரியாது. கால் மரத்திருக்கிறது.”

துணியை விலக்கினார்கள். தண்ணீர் செங்காவி. நுரை வழக்கத்தைவிடக் கூடுதல். கூட்டம் கைகூப்பியது.

“எவ்வளவு கொழுப்பு பார். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் இந்தக் காலையே எடுத்திருப்பார்கள்,” என்றார் சித்தர்.

“எடுத்துட்டாங்க சாமி,” என்று ராயப்பன் வேட்டியை முழங்கால்வரை தூக்கினார். “கால் மரத்தது இல்லீங்க. இது மரமும் இல்ல, பிளாஸ்டிக்கு.”

அவர் வாரை அவிழ்த்துக் காலைக் கழற்றித் தொட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்தார். கைகூப்பிய கூட்டம் எட்டிப் பார்த்தது.

சித்தர் லேசுப்பட்டவரா? “கால் போனாலும் அதன் சூட்சும உடம்பு போகாது. அந்தச் சூட்சுமக் காலில் இருந்த கொழுப்பு இது,” என்றார். கூட்டத்தில் பாதி தலையாட்டியது. காரில் வந்த ஒருவர், விஞ்ஞானத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார்.

சங்கரலிங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஜாம்பாள் எழுந்தாள். காணிக்கைத் தட்டுகளுக்கு நடுவே யாரோ கொண்டுவந்து வைத்திருந்த பண்ருட்டிப் பலா ஒன்று கிடந்தது. தொட்டியைத் தன் கையாலேயே சாய்த்து இருந்ததைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினாள், உப்பைப் போட்டாள், பலாவைத் தூக்கி உள்ளே வைத்துக் காவித்துணியால் மூடினாள். தடுக்க வந்த சீடனை வரிசையில் நின்ற பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

“மணிய அடிங்க சாமி,” என்றாள்.

சித்தர் அடிக்கவில்லை. அவளே அடித்தாள். காத்திருந்து துணியை எடுத்தாள். பலாவைச் சுற்றித் தண்ணீர் செங்காவியாகி நுரை கட்டியிருந்தது.

“பலாவுக்கும் கொலஸ்ட்ரால் கீதுங்க,” என்றாள்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அடுத்து எல்லோரும் தொட்டியை நோக்கிப் பாய்ந்தார்கள். அடியில், கால் வைக்கும் துளைப் பலகைக்குக் கீழே ஒளித்து, இரண்டு இரும்புத் தகடுகள். அவற்றிலிருந்து ஒரு இரட்டை ஒயர் சித்தரின் ஆசனத்துக்குக் கீழே போனது. அங்கே ஒரு லாரி பேட்டரி. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரையும். கரைந்து மிதந்ததுதான் எல்லோருடைய பாவமும்.

வெறும் துரு. சங்கரலிங்கம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பணியில் சேர்ந்த நாளிலிருந்து கன்வேயர் சட்டங்களில் துருவைப் பார்த்து, சுரண்டி, பெயிண்ட் அடித்து வாழ்ந்தவர். மேலே ஒரு காவித்துணியைப் போர்த்தினதும் அது துரு என்று தெரியாமல் போய்விட்டது. தலையைத் தூக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

சித்தர் முந்திரித் தோப்பு வழியாக ஓடப் பார்த்தார். இளைஞர்கள் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார்கள். ராயப்பன் அதைப் பார்க்க நிற்கவில்லை. காலை மாட்டிக்கொண்டு, சங்கரலிங்கத்தை ஆட்டோவில் ஏற்றினார்.

“எனக்குப் போனதோட போவட்டும்யா,” என்றார்.

ஆஸ்பத்திரியில் பெருவிரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. டாக்டர் சண்முகப்பிரியா கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது சங்கரலிங்கம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “அந்தக் குருத்தணுவும் பொய்தாங்களா மேடம்?”

“அது நிஜம். உங்க பெல்ட் கிழிஞ்சா என்ன பண்ணுவீங்க?”

“ஒட்டற ஆளுங்களக் கூப்பிடுவோம்.”

“ரத்தக் குழாயோட உள்சுவர் கிழிஞ்சா, அந்த ஆளுங்கள்ல சில பேர் எலும்பு மஜ்ஜைல இருந்தும் வரணும். குருத்தணுதான் அவங்கள உருவாக்குது. சர்க்கரை ஏறிக்கிட்டே இருந்தா அது சோர்ந்துபோயிடும். கொழுப்பும் சேர்ந்தா, ஒட்டற ஆளுக்குப் பதிலா சண்டைக்கார வெள்ளணுக்கள அனுப்ப ஆரம்பிக்கும். குழாய் வீங்கும், அடைக்கும். புண் ஆறாது. இதுக்கு மந்திரம் கெடையாது. மாத்திரை, சாப்பாட்டுல கட்டுப்பாடு, நடை. மாத்திரைய யார் நிறுத்தினது?”

ராஜாம்பாள் தரையைப் பார்த்தாள். “நான்தாங்க. இனிமே நானே கையில குடுத்து முழுங்க வெப்பேன்.”

அடுத்த கட்டிலில் கண்ணையன் என்றொருவர். கொட்டகைக்குத் தவறாமல் போனவர். சித்தர் பிடிபட்ட அன்று முதலில் கை நீட்டி அடித்தவரும் அவர்தான். டாக்டர் நகர்ந்ததும் சங்கரலிங்கத்தின் பக்கமாகச் சாய்ந்து, “அந்தாளு டூப்புங்க. ஆனா விருத்தாசலம் பக்கம் ஒருத்தர் வந்துகீறாராம். வெத்தலையில மை போட்டே அடைப்ப எடுத்துடறாராம். அவரு அசலாம்,” என்றார்.

ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் திறந்துவிட டாக்டர் இருக்கிறார். மண்டை அடைத்துக்கொண்டால் அவரவர்தான் திறந்துகொள்ள வேண்டும். அதற்கு இன்னும் மாத்திரை வரவில்லை.