சாந்தமான நாவுக்கு ஒரு டிக்

கர்த்தருக்குள் பிரியமானவரும், பொறுமையில் என்னைப் போல் பத்து மடங்கு உள்ளவருமான அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி பணிவுடன் எழுதிக்கொள்வது. அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸ்தோத்திரம். இங்கே கிருபையால் யாவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் பொய் பேசாமை என்பது எங்கள் பட்டியலில் ஆறாவது கட்டம். அதனால் உங்கள் தம்பி சுகம், என் மகள் சுகம், நான் அவ்வளவு சுகமில்லை என்று எழுதுகிறேன். அத்தை தன் மகளாகிய உங்கள் வீட்டில் சுகமாக இருப்பார் என்று நம்புகிறேன். ரொம்பவும் சுகமாக இருந்துவிடக் கூடாதே என்றும் ஒரு பக்கம் இருக்கிறது.

அத்தை அங்கே வந்து நான்கு நாளாகிறது. வந்ததும் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "மருமக என்கிட்ட பேசுறதை நிறுத்திட்டா" என்றிருப்பார். அண்ணி, நான் பேசினேன். நாள் முழுக்கப் பேசினேன். அவருக்குக் கேட்காத மாதிரி பேசினேன், அதுதான் நடந்தது. போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். உங்கள் வீட்டிலும் போனை முதலில் எடுப்பவர் அத்தையாகத்தான் இருப்பார். காது எவ்வளவு மந்தமானாலும் போன் மணி மட்டும் அவருக்கு எப்படியோ கேட்டுவிடும். அவரிடம் நான் மெதுவாகப் பேசினால் பயனில்லை, சத்தமாகப் பேசினால் அன்றைய கட்டம் போச்சு. தவிர, உறவினருக்கு அன்பான கடிதம் என்பது பத்தாவது கட்டம். ஒரே கடிதத்தில் இரண்டு வேலை முடியும் என்று நினைத்தேன். பார்த்தீர்களா, இதையும் சொல்லிவிட்டேன். ஆறாவது கட்டம்.

கட்டம் கட்டம் என்கிறாளே, என்ன கட்டம் என்று குழம்புவீர்கள். எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் இந்த மாதம் 'குணசாலியான இல்லத்தரசி' என்று ஒரு பட்டியல் அச்சடித்துக் கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு வரி, வரிக்குப் பத்துக் கட்டம். அதிகாலை ஜெபம், கைவேலை, வீணாக்காமை, ஏழைக்கு உணவு என்று வரிசையாகப் போய் ஒன்பதாவதில் 'சாந்தமான நாவு' வரும். செய்தால் டிக் போட வேண்டும். விருப்பமுள்ளவர்கள் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார்கள். எனக்கு விருப்பமெல்லாம் இல்லை. மேலே ஃபேன் ஓடுகிறதே என்று முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன், கையை நீட்டினார்கள், வாங்கிவிட்டேன். பின்னாலிருந்த பல் டாக்டர் மனைவி, "நீங்களுமா!" என்று வாயைப் பிளந்தாள். அந்த 'உம்'மைக் கேட்ட பிறகு திருப்பிக் கொடுக்க முடியுமா? வீட்டுக்கு வந்து பிரிட்ஜில் ஒட்டிவிட்டேன்.

முதல் நாள் ஐந்து மணிக்கே எழுந்து கட்டிலோரம் முழங்கால் போட்டேன். மெத்தை நெற்றிக்குத் தோதான உயரத்தில் இருந்தது. 'ஆண்டவரே' என்று ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறது. 'ஆமென்' சொன்னது ஞாபகம் இல்லை. கண்ணைத் திறந்தபோது மணி ஏழு. உங்கள் தம்பி குளித்து, தானே டீ போட்டுக் குடித்துவிட்டு, கால் விரலில் நடந்துகொண்டிருந்தார். "ரெண்டு மணி நேரம்! அசையவே இல்லை நீ. நான் கூப்பிடக்கூட இல்லை, பயமா இருந்துச்சு" என்றார். என் கன்னத்தில் விரிப்பின் மடிப்பு பதிந்திருந்ததை அந்த மனிதர் கவனிக்கவில்லை. அவரே போய் டிக்கும் போட்டுவிட்டார். அதை அழித்தால் அவர் மனது கஷ்டப்படும் என்று விட்டுவிட்டேன், என் மேல் எனக்கு அவ்வளவு இரக்கம்.

ஏழைக்கு உணவு என்று நான்காம் கட்டத்துக்காக டப்பாவில் ரொட்டியும் முட்டையும் எடுத்துக்கொண்டு தெருமுனை வாட்ச்மேனிடம் போனேன். எனக்கு முன்னால் ஐக்கியத்துப் பெண்கள் மூன்று பேர் வந்து போயிருந்தார்கள். அவர் ஸ்டூலுக்கு அடியில் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. மனுஷன் பெல்ட்டைத் தளர்த்திவிட்டு என்னைப் பார்த்து, "அம்மா, தப்பா நினைக்காதீங்க, இந்தப் பட்டியல் என்னிக்கு முடியுது?" என்று கேட்டார். மாதக் கடைசி என்றேன். "அதுவரைக்கும் தாங்குவேனா தெரியல, உங்க ஜெபத்துல ஞாபகம் வச்சுக்குங்க" என்றார். அவரை மறுக்கவிடாமல் சாப்பிட வைத்துவிட்டுத்தான் வந்தேன். அன்றைக்கு ஏழைக்கு நான் செய்தது உதவியா கொடுமையா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

ஒன்பதாவது கட்டத்தை மட்டும் முதல் வாரம் தொடவில்லை. அது எனக்கானதல்ல என்று எனக்கே தெரியும். அண்ணி, என் குரல் உங்களுக்குத் தெரியாததா? உங்கள் தம்பிக்கு என்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் சமையலறையில் மெல்லப் பேசியது கூடத்தில் உங்கள் எல்லோருக்கும் கேட்டதாக நீங்கள்தானே சொல்வீர்கள். அத்தையின் காது மந்தமான பிறகு அது இன்னும் ஒரு சுற்று பெருத்துவிட்டது. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் எட்டாம் நாள் போதகரம்மா வீட்டுக்கு வந்தார். அப்போது நான் கைவேலைக் கட்டத்துக்காகத் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தேன். அழைப்பு மணி கேட்டு அவசரமாக எழுந்தால் தலையணை உறையும் கூடவே எழுந்தது. உறையின் ஓரத்தை என் பாவாடையோடு சேர்த்துத் தைத்திருக்கிறேன். அதை முன்னால் தொங்கவிட்டபடியே கதவைத் திறந்து ஸ்தோத்திரம் சொன்னேன். அவர் நல்லவர், சிரிக்கவில்லை. நேராகப் பிரிட்ஜுக்குப் போய்ப் பட்டியலைப் பார்த்தார். ஒன்பதாவது பத்தி மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக இருந்தது. "பரவாயில்லம்மா, இது கொஞ்சம் கஷ்டம்தான்" என்றவர், ஒரு மூச்சு விட்டு, "உங்களுக்கு" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதாதா? மறுநாளிலிருந்து குரலைத் தாழ்த்திவிட்டேன். மகளை எழுப்ப அவள் காதருகே போய், "கண்ணு, விடிஞ்சிருச்சும்மா" என்று தேனாகச் சொன்னேன். அவள் புரண்டு படுத்துக்கொண்டாள். பள்ளி வேன் வந்தது, ஹாரன் அடித்தது, போய்விட்டது. நான் புன்னகை மாறாமல் நின்றேன். அதற்குள் கீழ் வீட்டில் ஒரே அமளி. கீழ் வீட்டுக்காரர் பஸ் டிரைவர் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, நான் முதல் முறை "எந்திரிடி" என்று கத்தினால் எழுந்திருப்பாராம், இரண்டாம் முறை கத்தினால் சட்டை, "ஷூ எங்கே" என்று கேட்டால் படியிறங்கிவிடுவாராம். இத்தனை வருஷமாக வீட்டில் கடிகாரத்துக்குப் பேட்டரியே போடவில்லையாம். அன்று அவர் எழுந்ததே எட்டே முக்காலுக்கு, எட்டு மணி பஸ் ஒன்பதேகாலுக்குக் கிளம்பியது, அந்த வழியில் போகிற அத்தனை பேரும் வேலைக்குத் தாமதம். என் நாவு சாந்தமானதில் இவ்வளவு பேருக்குச் சம்பந்தம் இருக்கும் என்று பட்டியல் அச்சடித்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

உங்கள் தம்பி இரண்டு நாள் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார். நான் பேசாமல் எடுத்துக் காயப்போட்டேன். மனுஷன் வெளிறிப்போய் உட்கார்ந்துவிட்டார். "உனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சா?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா புன்னகைத்தேன். உடனே ஒவ்வொன்றாகக் கொட்டினார். கண்ணாடி ஜாடியை உடைத்தது பூனையில்லையாம், இவர்தானாம். போன மாதம் ஜெபக் கூட்டத்துக்கு வராமல் ஆபீஸ் வேலை என்றது நண்பரோடு மீன் பிடிக்கப் போனதாம். பதினான்கு வருஷம் கத்தியும் வெளிவராதது ஒரு புன்னகையில் வந்துவிட்டது. அப்புறம் டாக்டரிடம் அழைத்துப் போய் ரத்த அழுத்தம் பார்த்தார். டாக்டர் நார்மல் என்றதும், "அதான் சார் பயமா இருக்கு, எப்பவும் இவளுக்கு அதிகமாத்தான் இருக்கும்" என்றார்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம் அண்ணி. சிரிப்பில்லாதது ஒன்று இருக்கிறது. அத்தைக்குக் கேட்காதே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றியது. முதல் நாளே தோன்றியது. கதவோரம் நின்று, "அத்தை, தயவு செய்து சாப்பிட வருகிறீர்களா?" என்று மெல்லக் கேட்டேன். அவர் பூண்டு உரித்துக்கொண்டே இருந்தார், திரும்பவில்லை. பக்கத்தில் போய்க் கத்த நாக்கு நுனிவரை வந்தது. பிரிட்ஜைப் பார்த்தேன். மெல்லப் போய்த் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, டிக் போட்டேன். இப்படி ஐந்து நாள், ஐந்து டிக். ஆறாம் நாள் காலை கைப்பையோடு கூடத்தில் வந்து நின்று, "மக வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றார். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. பழைய நானாக இருந்தால், "இப்ப எதுக்கு? உரிச்ச பூண்டை யார் அரைக்கிறது?" என்று பையைப் பிடுங்கி உள்ளே எறிந்திருப்பேன். குணசாலியாக இருந்ததால், "உங்கள் விருப்பம் போல் செய்யுங்கள் அத்தை" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அடுப்படி வாசலில் அவர் நாற்காலி சும்மா கிடக்கிறது. நான் சமைத்துக்கொண்டே தெருக்கதை, சபைக்கதை எல்லாம் கத்திச் சொல்வேன், அவர் பாதியைக் கேட்டு முழுதும் பதில் சொல்வார். சண்டையும் போடுவோம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அவர் மகள், உங்களிடம் மறைத்தால் ஆறாவது கட்டம் என்னை விடாது. அத்தைக்குக் கேட்காது என்ற தைரியத்தில் அடுப்பைப் பார்த்தபடி நான் முணுமுணுத்தவை பல உண்டு. உப்பு குறைச்சல் என்றால், "ஆமா, எனக்குன்னு வந்து வாய்ச்ச நாக்கு" என்பேன். ஒரு தடவை, "மக வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்தாத்தான் என்ன" என்றும் சொல்லியிருக்கிறேன். அது இப்போது பலித்து நாலு நாள் ஆகிவிட்டது. எனக்கு அத்தை இல்லாமல் முடியவில்லை அண்ணி. பூண்டை நானே உரித்துக்கொண்டு, யாரிடம் கத்துவது என்று தெரியாமல் நிற்கிறேன். அவர் காதில், நீங்கள் நல்ல சத்தமாக, மருமகள் பேசிக்கொண்டுதான் இருந்தாள் என்று சொல்லுங்கள். ஒன்பதாவது கட்டத்தை நான் விட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள். பல் டாக்டர் மனைவி வாயைப் பிளந்தால் பிளக்கட்டும். திருப்பி அனுப்பி வையுங்கள், இல்லையென்றால் நானே வந்து உங்கள் வாசலில் நின்று கூப்பிடுவேன், உங்கள் தெருவுக்கே கேட்கும்.

உங்கள் வீட்டில் சமாதானம் குறைவின்றித் தங்கட்டும். பிள்ளைகள் கையிட்டுச் செய்வதெல்லாம் வாய்க்கட்டும். அண்ணனின் முழங்கால் வலிக்காகத் தினமும், தூங்கிவிடாத தினங்களில், ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
குணசாலி ஆக முயன்ற
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம் அண்ணி. உறையில் போட்டுத் தபால்தலையும் ஒட்டிய பிறகு வாசலில் மணி அடித்தது. அத்தை! நீங்கள் காலையில் பஸ் ஏற்றிவிட்டதாகச் சொன்னார், எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் "அத்தை!" என்று போட்ட சத்தத்தில், இன்று விடுமுறையான கீழ் வீட்டு டிரைவர் யூனிபார்மோடு படியிறங்கி ஓடிவிட்டார். நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் காதருகே போய், பட்டியல், கட்டம், மெதுவாகப் பேசியது, அவருக்குக் கேட்காமல் போனது எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன். அவர் காதைத் தேய்த்துக்கொண்டார். "எதுக்குடி கத்துறே? வலது காதுதான் மந்தம். இடது காது நல்லாத்தான் இருக்கு. நீ மெதுவா பேசினதெல்லாம் கேட்டுச்சு" என்றார்.

"அப்ப ஏன் போனீங்க?" என்றேன். "கேட்டதாலதான் போனேன். தயவு செய்துங்கறே, உங்கள் விருப்பம்ங்கறே. விருந்தாளிகிட்டதானே அப்படிப் பேசுவாங்க? சரி, இனிமே நமக்கு இங்க இடமில்லன்னு பையை எடுத்தேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அப்படித்தான். கொஞ்ச நேரம் கழித்து மெல்ல விஷயம் உறைத்தது. "அத்தை, இத்தனை வருஷமா அடுப்படியில நான் முணுமுணுத்தது...?" "எல்லாம் கேட்டுச்சு. அது வீட்டுப் பேச்சு. அதுக்கெல்லாம் யாராவது வீட்டை விட்டுப் போவாங்களா?" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பூண்டை எடுத்துக்கொண்டார்.

வீணாக்காமை மூன்றாவது கட்டம் என்பதால் ஒட்டிய தபால்தலையை வீணாக்காமல் இதை அனுப்பிவிடுகிறேன். இந்தப் பின்குறிப்பைச் சேர்க்க உறையைப் பிரித்ததும் அத்தை, "மகளுக்கு என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கே? படி" என்றார். அவர் வலது பக்கமாகப் போய் நின்றுகொண்டு உரக்கப் படித்தேன். முணுமுணுத்த இடம் வந்ததும் குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டேன்.

"அதுவும் கேக்குது" என்றார்.